எட்டுப் படங்களில் விழுகிறவன்

அண்ணன் வரைந்த அந்தப் பழைய குத்துச்சண்டை வீடியோ கேமைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் என்றால், அது ஒரே ஒரு காட்சிக்காகத்தான். தோற்றவன் விழுவது அப்படியே நிஜம்போல இருக்கும். அடுத்தடுத்து ஓடும் மொத்தம் எட்டுப் படங்கள். அதற்காக அண்ணன் என்னை எட்டுத் தடவை குத்தி, பார்த்துப் பார்த்து வரைந்தார். கடைசிப் படத்தில் தரையில் கிடக்கும் பல் என்னுடையது. யாராவது பாராட்டினால் அண்ணன் தன் தங்கப் பல் தெரியச் சிரிப்பார்.

முப்பது வருஷம் கழித்து, மறுவெளியீட்டுக்காகப் பழைய ஃபைலைத் திறந்தபோது ஒன்பது படங்கள் இருந்தன. ஒன்பதாவதில் விழுந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் அதை அழித்தார். மறுநாள் பத்து இருந்தன.

எனக்கு போன் வந்தது.

"டேய், இது உன் வேலையா?"

"எனக்கு ஒரு கோடுகூட நேரா போட வராதுண்ணா. பத்தாவதுல என்ன பண்றான்?"

"முஷ்டிய மடக்கிட்டு நிக்கிறான். என்னையே பாக்குறான்."

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றேன்.

அன்று மத்தியானம் அண்ணி கூப்பிட்டார். உள்ளே தாழ்போட்ட அறையில் அண்ணன் தாடை உடைந்து கிடந்தாராம். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பதினோராவது படம் திறந்திருந்தது. அதில் ஆள் இல்லை, வெறும் தரைதான். தரையில் இரண்டு பற்கள் கிடந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று தங்கம்.