தண்ணி நிக்குமா?

"இந்த எடத்துல மழைக்குத் தண்ணி நிக்குமா, நிக்காதா? அத மட்டும் பாத்துச் சொல்லு பாப்பா."

தையல்நாயகி, மடித்து எடுத்து வந்த மனைப்பிரிவு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். விக்கிரவாண்டிக்கு மேற்கே ஓர் இடம். பூங்கா, முப்பது அடி சாலை, நாற்பத்திரண்டு மனைகள் என்று வண்ண வண்ணமாகப் போட்டிருந்தது. மறுநாள் காலை அக்ரிமெண்ட்டாம். அதற்குள் தெரிந்தாக வேண்டும் என்றார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது சங்கவியின் கணினி மையம். ஜெராக்ஸ், பட்டா விண்ணப்பமெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. நிலப்படம் போட்டுப் பார்ப்பதுதான் அவளுக்கு உயிர். அதற்கு க்யூஜிஐஎஸ் என்றொரு மென்பொருள் வைத்திருந்தாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டது. காசு கொடுத்து வாங்கியிருந்தால்கூட அவள் இத்தனை பெருமையடித்திருக்க மாட்டாள்.

எந்த மனை என்று கேட்டாள். எல்லாவற்றையுமே பார்க்கச் சொன்னார் தையல்நாயகி. எதை வாங்குவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சர்வே எண்ணை வைத்து எல்லையை வரைந்தாள். மேடு பள்ளக் கணக்கை அதில் ஏற்றினாள். போன மழைக்காலத்துச் செயற்கைக்கோள் படத்தையும் அடியில் விரித்தாள்.

திரை நீலமாகிவிட்டது. சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. பூங்கா, சாலை, நாற்பத்திரண்டு மனை, ஒன்றுகூடத் தப்பவில்லை.

சங்கவி திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. நகையெல்லாம் அடகுக்குப் போயிருக்கும். எந்த வாயால் சொல்வது? படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், தொண்டையைச் செருமினாள். சொல்லாமல் விட்டால் அது பெரும் பாவம்.

"மனசு விட்டுடாதீங்கம்மா. மழை புடிச்சா முழங்கால் தண்ணி நிக்கும். பத்து நாளானாலும் வடியாது. வீடு கட்ட இது லாயக்கே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்துட்டேங்க."

தையல்நாயகி திரையையே உற்றுப் பார்த்தார். பிறகு, அந்தப் படத்தைப் பெரிய தாளில், கலரில், இரண்டு பிரதி போடச் சொன்னார்.

விற்க வந்தவனோடு சண்டை போடத்தான் கேட்கிறார் என்று சங்கவிக்குத் தோன்றியது. பிரிண்டர் ஓடும்வரை ஆறுதல் சொன்னாள். கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றாள். இப்படிப்பட்ட பள்ளத்தை மனையாக்கி விற்க அந்த நிலத்துக்காரருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ என்று நாலு வார்த்தை திட்டியும் வைத்தாள்.

தையல்நாயகி முகமெல்லாம் சிரிப்பாகத் தாள்களைச் சுருட்டிக்கொண்டார்.

"அந்த நிலத்துக்காரரு எங்க வூட்டுக்காரருதாம்மா. மனை போடறவங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன், மாற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுக்கினு இருக்காரு. இதப் பாத்து அவங்களே வேணாம்னு போய்ட்டா, அவரு வாக்கும் கெடாது, அந்தத் தண்ணியில நானும் எப்பவும் போல சம்பா நட்டுக்குவேன்."