பழைய பற்றரி

“முதல்ல யன்னலைச் சாத்துங்கோ” என்றாள் சிவமணி.

பரமநாதன் சாத்தினார். மேசையில் கழற்றிய பற்றரியும், சிவப்பும் கறுப்புமாய் வயர்களும் கிடந்தன. தனபாலன் ஒரு வயரின் நுனியில் சூடேறிய கம்பியை வைத்தான். மெல்லிய புகை எழுந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப அழுத்துங்க சேர்.”

பரமநாதன் பொத்தானை அழுத்தினார். பழைய லெப்டொப்பின் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு நீலமாய் விரிந்தது. சிவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நோர்வேக்குப் போன மகள் விட்டுச் சென்றது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய முகம் அந்தப் பெட்டிக்குள்தான் வரும். பெட்டி செத்துக் கிடந்த நாட்களில் அங்கே பேரன் பிறந்திருந்தான். இருவரும் இன்னும் அவனைப் பார்க்கவில்லை.

கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பஸ்களில் குண்டு வெடித்த வருஷம் அது. கிளிநொச்சிப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகச் சொல்லும் அடையாள அட்டையோடு, வயர் பிய்ந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு கண்டி டவுனுக்குள் போக பரமநாதனுக்குத் தைரியம் வரவில்லை. கணினிக் கடையில் வேலை செய்கிற தனபாலனை அம்பிட்டிய வீட்டுக்கே வரச் சொன்னார்.

“வழியில ஆரும் மறிச்சவையோ தம்பி?” தேநீரை நீட்டியபடி சிவமணி கேட்டாள்.

“த்ரீவீல்காரர்தான் எங்க போறன்னு கேட்டாரு. கோயிலுக்குன்னு சொல்லி முன்னாடியே எறங்கி நடந்து வந்தேன்” என்று தனபாலன் சிரித்தான். “எனக்கென்னம்மா, நான் கண்டியிலயே பொறந்தவன். உங்களுக்குக் கரச்சல் வரக்கூடாது பாருங்க.”

பற்றரி இனிச் சரிவராது, கரன்டில் போட்டே பாவியுங்கள் என்றான். அதே மாதிரி ஒன்று தேடிப் பார்ப்பதாகச் சொல்லி, பழையதையும் மிஞ்சிய வயர்களையும் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

அடுத்த நாள் கடை முதலாளி மஹ்மூத் போன் எடுத்தார்.

“சேர், தனபாலனக் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல புடிச்சிட்டாங்க. பேக்குல பற்றரியும் வயரும் இருந்திச்சாம். யார்ட பற்றரின்னு கேக்குறாங்களாம். நான் போனேன், பாக்க உடல்ல.”

பரமநாதன் சட்டையை எடுத்தார். சிவமணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“உங்கட அட்டையைக் கண்டா உங்களையும் உள்ள போடுவாங்கள். அவன் இந்த ஊர்ப் பெடியன். சிங்களமும் நல்லாத் தெரியும். விட்டிடுவாங்கள்.”

அவர் சட்டையைத் திரும்ப ஆணியில் கொழுவினார்.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கந்தோரில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார். கந்தோருக்கும் யாரும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. தப்பினோம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மகள் திரையில் வந்தாள். பேரனைத் தூக்கிக் காட்டினாள். கொட்டாவி விட்டான் பிள்ளை.

“வடிவாத் தெரியுதோ அப்பா? ஆர் திருத்தித் தந்தது?”

“தெரிஞ்ச பெடியன் ஒருத்தன்” என்றாள் சிவமணி.

அதற்கு மேல் பரமநாதனால் திரையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்ச் சட்டையைப் போட்டார். இந்த முறை சிவமணி மறிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்து வாங்கில் ஓர் இளம்பெண் இருந்தாள். மடியில் ஸ்திரி போட்ட ஆண் சட்டை ஒன்று மடித்தபடி கிடந்தது.

“நீர் தனபாலன்ர மனிசியோ?”

“ஆமாங்க. சீதா.”

“நான் அவரைத் தெரிஞ்ச ஆள், பிள்ளை. பயப்படாதையும். உள்ளுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் படியேறிவிட்டார்.

பொறுப்பதிகாரியின் முன்னால் போய் நின்றார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்து வந்ததைச் சிங்களத்தில் சொன்னார்.

“அந்தப் பற்றரி என்னுடையது. தனபாலன் என் வீட்டுக்கு வந்து லெப்டொப் திருத்தினவர். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.”

அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். பிறந்த இடத்தை ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு கதிரையைக் காட்டினார்.

“எழுதிக் கையெழுத்து வைப்பீர்களா?”

“வைக்கிறேன்.”

எழுதினார். கையெழுத்து வைத்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தன்னைப் பிடித்து வைத்தாலும் பரவாயில்லை என்றே அப்போது தோன்றியது.

அதிகாரி வாசலில் நின்ற கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு, “வெளியில் இருக்கிற பெண்ணை வீட்டுக்குப் போகச் சொல்” என்றார். அட்டையைப் பரமநாதனிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்களும் போகலாம். தேவை என்றால் கூப்பிடுவோம்.”

“அப்போ தனபாலன்?”

அதிகாரி பேனையை மூடி வைத்தார்.

“வடக்கு ஆட்கள் ஒருவரையும் தெரியாது என்றான். அதை நம்பித்தான் இன்றைக்கு விட இருந்தோம்.”