ரெண்டு கிலோ தண்ணீர்

டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்த டாக்டர் முகம் சுளித்தார்.

"ரெண்டு கிலோ கூடியிருக்கு. தண்ணிய அளவாக் குடிக்கச் சொன்னேனா இல்லையா? உங்க இதயம் தாங்காது, அரங்கநாதன்."

பாகூரிலிருந்து கூடவே வந்த மனைவி ஆண்டாள் பதறினாள். "பானைய உள்ளே வெச்சுப் பூட்டினேன். தெருவுல யாரும் இவருக்குத் தண்ணி குடுக்காதீங்கன்னு வூடு வூடா சொன்னேன். எங்கய்யா குடிச்ச?"

"பெருமாள் சத்தியமா குடிக்கல!"

"அப்போ மிஷின் பொய் சொல்லுதா?"

"முதல்ல படுங்க" என்றார் டாக்டர்.

அரங்கநாதன் தயங்கித் தயங்கிக் கட்டிலில் சாய்ந்தார். சட்டைக்குள் இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்தது. கொய்யாப்பழங்கள் வார்டெங்கும் உருண்டோடின.

மறுபடி எடை பார்த்தார்கள். சரியாக இருந்தது. டாக்டரே சிரித்துவிட்டார்.

"ஏதுய்யா இத்தனை பழம்?" என்றாள் ஆண்டாள்.

"நேத்து தாகம் தாங்காம ஒவ்வொரு வூடா போய்த் தண்ணி கேட்டேன். நீ சொன்னதால ஒருத்தரும் குடுக்கல. வாசலுக்கு வந்தவன வெறுங்கையோட அனுப்பவும் அவங்களுக்கு மனசு கேக்கல. ஆளுக்கு ரெண்டு பழம் குடுத்தாங்க. அன்பாக் குடுத்தத எறிய முடியுமா? வூட்டுல வெச்சா நீ கண்டுபிடிச்சிடுவியே!"