மூங்கிலுக்குத் தோள்

இரவெல்லாம் கொட்டிய பனியின் பாரத்தில் வாசலோர மலைமூங்கில் புதர் நடைபாதையில் கவிழ்ந்து கிடக்கிறது. இலைகள் குளிருக்குச் சுருட்டுபோல் சுருண்டிருக்கின்றன. பதினைந்து வருடத்தில் ஓரடிகூட அக்கம்பக்கம் பரவாத புதர். எங்கள் இருவரையும்விட அடக்கம். என் கணவர் ரம்பத்தோடு வருகிறார். “செத்துப்போச்சும்மா, வெட்டிடறேன்.” “சாகலைங்க, குனிஞ்சிருக்கு. ரம்பத்தைக் கண்டா உங்களுக்குக் கை சும்மா இருக்காதே!” சிரித்துக்கொண்டே அவருக்கும் புதருக்கும் நடுவில் போய் நிற்கிறேன். விளக்குமாற்றுக் காம்பால் கழி கழியாகத் தட்டுகிறேன். பனி அவர் காலருக்குள் சரிய, பச்சைக் கழிகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. ஒன்று மட்டும் எழவில்லை. “ஏய், இது ஏன் எழும்பல?” அவர் குரலில் பதற்றம். ரம்பத்தைப் போட்டுவிட்டு அதற்கு அடியில் தோள் கொடுக்கிறார். “எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும்?” “வெயில் வர்ற வரைக்கும்.” “அப்ப காபியை இங்கயே கொண்டா.”