பூட்டிய பியானோ

காது கேளாத குழந்தைகளுக்காகப் பாடகி கோரலி நாஷ்வில்லில் தொடங்கிய பள்ளி அது. பியானோவின் மேல் உள்ளங்கைகளைப் பதித்து, மரத்தின் அதிர்வில்தான் பிள்ளைகள் பாட்டுக் கேட்பார்கள். அன்றும் அப்படியே நின்றார்கள்.

“மூடி பூட்டிக் கிடக்கு. எதைக் கேக்குறாங்க?” என்றாள் அன்று சேர்ந்த டீச்சர் மார்லா.

“கோரலி பாட்டைத்தான். கண்டுக்காதீங்க,” என்றார் தலைமையாசிரியர் வேட்.

“அவங்க எப்ப வருவாங்க?”

“ஏப்ரல்லயே அடக்கம் பண்ணியாச்சு. பிள்ளைங்களும்தான் கல்லறைக்கு வந்தாங்க. பழக்கம் விடல.”

பியானோவை விட்டு வந்த சிறுமி டான்சி மேசையில் விரலால் ஒரு தாளம் தட்டினாள். வேட்டின் முகம் வெளிறியது.

“இது ஆஸ்பத்திரியில அவங்க கட்டின பாட்டு. எனக்கு மட்டும்தான் தட்டிக் காட்டினாங்க. முடிக்காமலே போயிட்டாங்க,” என்றார்.

அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த டான்சி சைகையில் சொன்னாள்:

“இப்பத்தான் முடிச்சாங்க.”