பதினோராம் நாள் படம்

கணினித் திரையில் அவள் கணவன் கருப்பு வெள்ளையில் இருந்தான்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

"பயப்படாதீங்கக்கா" என்றான் படம் வரைகிறவன். "முதல்ல நிழல், வெளிச்சம் மட்டும்தான் வரைவோம். அது சரியா வந்ததும் மேல கலர் ஏத்துவோம்."

கல்யாண வீட்டு போட்டோவில் ஏழு பேருக்குப் பின்னால் பாதி முகமாக நின்றிருந்தான் ஜெரோம். அதை வைத்து முழு முகத்தையும் வரைந்திருந்தான் இந்தப் பையன். கெட்டிக்காரன். அந்த அசட்டுச் சிரிப்புகூட அப்படியே வந்திருந்தது.

படகு திரும்பாமல் பதினோரு நாள்.

கலர் படம் என்றால் காணவில்லை. கருப்பு வெள்ளை என்றால் கண்ணீர் அஞ்சலி. அவர்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பக்கத்தில் கொழுந்தன் ஆல்பின் உட்கார்ந்திருந்தான். அஞ்சலி போட்டுவிடுவோம் என்று மூன்று நாளாக ஒற்றைக்காலில் நின்றவன். கூடப் போன இரண்டு பேர் வீட்டிலும் ஒட்டியாயிற்று. பூசையும் முடிந்தது. இவள்தான் பிடி கொடுக்கவில்லை. காலையில் கோயில் வாசலில் வைத்து ஊர் கேட்கக் கத்தினாள். உன் அண்ணனைக் கொல்ல உனக்கு என்னடா அவசரம்?

கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

கடைசியில் அவள் பிடிவாதம் வென்றது. கலர் படம் கேரளக் கரை முழுக்கப் போகும். துறைமுகங்களில் ஒட்டுவார்கள். ஆஸ்பத்திரிகளில் காட்டுவார்கள்.

முகத்தில் நிறம் ஏறியது. இன்னும் கொஞ்சம் கருப்பு என்றாள். கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம், பழுப்புக் கயிறு என்றாள். ஒவ்வொன்றுக்கும் பட்டென்று பதில் சொன்னாள்.

"போறப்ப என்ன கலர் சட்டைக்கா? அதை வச்சுத்தான அடையாளம் பார்ப்பாங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

அன்று விடியுமுன் சண்டை. ஒன்றுமில்லாத சண்டை. போய்ட்டு வாரேன் என்று வாசலில் நின்று சொன்னான். அவள் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். இன்னொரு தடவையும் சொன்னான்.

அவள் திரும்பவில்லை.

நீலம் என்று சொல்லிவிடலாம். எங்கோ ஒரு கரையில் சிவப்புச் சட்டையோடு ஒதுங்கிக் கிடந்தால், இவன் இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

தெரியாது என்றும் சொல்லலாம். ஆல்பின் முன்னால். காலையில் அப்படிக் கத்திய வாயால்.

வெட்கத்தில் அவள் ஆல்பினைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

"கலர் வேண்டாம்" என்றாள். "முன்ன இருந்த மாதிரியே போட்டுருங்க."

ஆல்பின் அவளையே பார்த்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"மதினி, நீங்களும் விட்டுட்டீங்களா?"



திரையில் முகம் வெளுத்துச் சாம்பலானது. படம் வரைகிறவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு தேதிகளைக் கேட்டான்.

பிறந்த தேதியைச் சொன்னாள்.

இறந்த தேதிக்கு, தான் திரும்பிப் பார்க்காத நாளைச் சொன்னாள்.