எட்டுச் சனிக்கிழமை

“ரெண்டே ரெண்டு நாள்தான் மேடம். பேனாவை ரெண்டு தடவை வச்சு எடுத்தா முடிஞ்சது.”

கணக்கு டீச்சர் பத்தாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியையின் மேஜையில் விரித்து வைத்திருந்தாள்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அந்த ரெண்டு நாள் அவ வந்தாளா?”

“வரல.”

“அப்புறம் வந்ததா எப்படிப் போடறது?”

நன்றாகப் படிக்கிற பெண். அவளுடைய அம்மா மாடிப்படியில் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். அப்பா லாரி டிரைவர். திங்கட்கிழமை கிளம்பினால் வெள்ளி சாயங்காலம்தான் வீடு. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கவும் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வேறு ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு நாள் பள்ளிக்கூடம் வர முடியாமல் போய்விட்டது.

இப்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பெண்ணும் வர ஆரம்பித்துவிட்டாள். ஆனால் இனி ஒரு நாள்கூட விடாமல் வந்தாலும், வருஷத்து இருநூறு வேலை நாளில் நூற்று நாற்பத்தெட்டுதான் தேறும். நூற்றைம்பது இருந்தால்தான் எழுபத்தைந்து சதவீதம். அது இருந்தால்தான் பரீட்சை. கல்வி மாவட்ட அலுவலகத்தின் விதி.

“உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சர்டிபிகேட் இருந்தா சலுகை உண்டு,” என்றார் தலைமையாசிரியை.

“உடம்பு சரியில்லாதது அவ அம்மாவுக்கு மேடம்.”

“பரீட்சை எழுதப் போறது அம்மா இல்லையே.”

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் ஆசிரியர் ஓய்வறையில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர்.

“உங்களுக்கு மனசே கிடையாதா மேடம்?” என்றாள் கணக்கு டீச்சர்.

“மனசுக்குப் பதிவேட்டில கட்டம் இல்லை டீச்சர். மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போங்க.”

ஓய்வறையில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். “பாவம் அந்தப் பொண்ணு. ஒரு வருஷம் வீணாப் போச்சு,” என்றாள் அறிவியல் டீச்சர். உச்சுக் கொட்டியபடியே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

‘வரும் வாரம் தொடங்கி எட்டுச் சனிக்கிழமைகள் பள்ளி முழு வேலை நாளாக இயங்கும். அனைத்து வகுப்புகளும், அனைத்து ஆசிரியர்களும் தவறாமல் வர வேண்டும். காரணம்: நிர்வாகம்.’

ஓய்வறை கொதித்தது.

“எட்டா? எங்க வீட்டுல துணி துவைக்கிறதே சனிக்கிழமைதான்!” என்றாள் அறிவியல் டீச்சர்.

“எங்க வீட்டுக்கு மாமியார் வர்றதும் சனிக்கிழமைதான்,” என்றார் பி.டி. மாஸ்டர். அவர் மட்டும் அவ்வளவாகக் கொதிக்கவில்லை.

கணக்கு டீச்சருக்குத் தலைக்கு மேல் கோபம். வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவளுக்கு அலாரம் இல்லாமல் விடியும்.

“நேத்து நான் எதிர்த்துப் பேசினேன் இல்லையா? அதுக்குப் பழி தீர்க்கறாங்க,” என்றாள். உட்கார்ந்த இடத்திலேயே மனு எழுதினாள். முதல் கையெழுத்து அவளே போட்டாள். சாப்பாட்டு வேளைக்குள் பத்தொன்பது கையெழுத்து சேர்ந்தது.

மனுவைத் தலைமையாசிரியை ஒரு வரி விடாமல் படித்தார்.

“எட்டு ரொம்ப அதிகம் மேடம்,” என்றாள் கணக்கு டீச்சர். “நாங்களும் குடும்பம், குட்டின்னு இருக்கறவங்க. நாலோட நிறுத்திக்குங்க.”

“நாலு பத்தாது.”

“சரி, ஆறு?”

“ஏழும் பத்தாது.”

“அப்போ பத்தாம் வகுப்புக்கு மட்டும் வைங்களேன். மத்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க?”

“ஒரு வகுப்புக்கு மட்டும் வச்சா அது ஸ்பெஷல் கிளாஸ். பதிவேட்டில ஏறாது. முழுப் பள்ளியும் நடந்தாத்தான் வேலை நாள்.”

“ஒரு பதிவேட்டுக்காகவா எங்க எல்லாரோட சனிக்கிழமையும்?”

“ஆமா.”

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் நகர்த்தினார். பென்சிலை அதன் மேல் வைத்தார்.

“நீங்க கணக்கு டீச்சர்தானே? இருநூறோட எட்டைக் கூட்டுங்க. நூத்தி நாப்பத்தெட்டோடயும் எட்டைக் கூட்டுங்க. இப்போ சதவீதம் போடுங்க.”

கணக்கு டீச்சர் வேண்டாவெறுப்பாகப் போட்டாள். இருநூற்றெட்டுக்கு நூற்றைம்பத்தாறு.

புள்ளி வைக்க அவசியமே இல்லாமல், கச்சிதமாக எழுபத்தைந்து வந்தது.

பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

“சனிக்கிழமைன்னா அவ அப்பா வீட்டில இருப்பாராம். விசாரிச்சுட்டேன். எட்டு நாளும் வந்துடுவா,” என்றார் தலைமையாசிரியை. மனுவின் மூலையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

“மேடம், இதை நானே கிழிச்சுப் போட்டுடறேன். எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்றேன்...”

“சொல்லக் கூடாது. தன் ஒருத்திக்காகப் பள்ளிக்கூடமே நடக்குதுன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு கூசிப் போயிடுவா. அப்புறம் எட்டு நாள் எங்க வர்றது? திட்டறவங்க என்னைத் திட்டிக்கட்டும். பழக்கம்தான்.”

ஓய்வறையில் பதினெட்டு பேரும் காத்திருந்தார்கள்.

“என்ன டீச்சர், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?” என்று பதறினாள் அறிவியல் டீச்சர். “ரொம்பத் திட்டிட்டாங்களா?”

கணக்கு டீச்சர் நிராகரிக்கப்பட்ட மனுவை நோட்டீஸ் போர்டில் குத்தினாள்.

“கல்நெஞ்சக்காரி,” என்றாள். “ஒரு சனிக்கிழமைகூடக் குறைக்க மாட்டாங்களாம்.”